ஸ்டேட்டஸில் போட்டால் அழைத்ததாக ஆகிவிடுமா?

"ஸ்டேட்டஸில் போட்டேனே, பார்க்கலையா?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். அன்றைக்குப் போனை எடுக்காதவன் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வேண்டாதவனா?

என் சித்தி மகள் அண்மையில் தன் பையனுக்குக் காது குத்தினாள். பாண்டி கோயிலில் மொட்டை, அப்புறம் கறிச்சோறு. அழைப்பு முழுக்க வாட்ஸ்அப்பில்தான். சோழவந்தானில் இருக்கும் எங்கள் பெரிய மாமாவிடம் இருப்பது பட்டன் போன். சின்ன வயதில் இவளுக்குக் காது குத்தியபோது அந்த மாமா மடியில்தான் உட்கார வைத்தார்கள். தோடு வாங்கிப் போட்டவரும் அவர்தான். அவருக்கு விஷயமே டீக்கடையில் யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. எனக்குப் போன் பண்ணி, "ஏப்பா, விசேஷம் நல்லபடியா முடிஞ்சிச்சா? சாப்பாடு பத்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஏன் கூப்பிடவில்லை என்று வாயைத் திறக்கவில்லை. எனக்கு நெஞ்சு கொதித்துவிட்டது.

அவளிடம் கேட்டேன். "எல்லாருக்கும் பிராட்காஸ்ட் போட்டேண்ணே, யாருக்கு விட்டுப்போச்சுன்னு எப்படிப் பார்க்கிறது?" என்கிறாள். எப்படிப் பார்ப்பதா? நம் வீடுகளில் மொய் நோட்டு எதற்கு இருக்கிறது? அதை எடுத்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பெயர் எழுதுவார்கள். பக்கத்தில் ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்து, "அவனை விட்டுட்டியே, உன் கல்யாணத்துக்குச் செய்முறை செஞ்சவன்ல" என்று எடுத்துக்கொடுப்பார். திருமங்கலம் பக்கம் ஒரு நாள், மேலூர் பக்கம் ஒரு நாள் என்று பஸ் ஏறி, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து, "குடும்பத்தோட வந்துரணும்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். இப்படிச் செய்தால் ஆள் விட்டுப்போகாது. எத்தனை இலை விழும் என்ற கணக்கும் ஓரளவு கைக்கு வந்துவிடும்.

ஒரே செய்தியை ஒரே தட்டில் பல பேருக்கு அனுப்பும் அந்த பிராட்காஸ்ட்டும் லேசுப்பட்டதில்லை. உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். நம்பரை மாற்றிவிட்டு அதிலிருந்து அனுப்பினால் பல பேருக்குப் போகவே போகாது. ஆனால் பழி மட்டும் அவர்கள் தலையில்: "அனுப்பியும் வரலை, கொழுப்பைப் பாரு."

வந்து சேர்ந்தாலும் பெரியவர்கள் திறக்கப் பயப்படுகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைலை, அதாவது போனில் ஆப் ஏற்றும் ஃபைலைத் தொட்டால் போனில் இருக்கும் விவரமெல்லாம் திருடு போகும் என்று 2024-ல் இமாச்சலப் பிரதேச போலீசே எச்சரித்தது. கண்டதையும் தொடாதே என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நாம், அழைப்பைத் திறக்கவில்லை என்று கோபிப்பதும் நாம்.

வாட்ஸ்அப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021 ஜனவரியில் நம் மதுரையிலேயே ஒரு கல்யாணப் பத்திரிகையில் மொய்க்கு க்யூஆர் கோடு அச்சடித்தார்கள். கொரோனா காலம், வர முடியாதவர்களுக்காகச் செய்தது, அதில் என்ன குறை? சிங்கப்பூரில் இருப்பவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மதுரையிலிருந்து சோழவந்தானுக்கு ஒரு பஸ் ஏற முடியாதா? முடியாவிட்டால் பட்டன் போனுக்கு ஒரு கால் பண்ணக்கூடவா முடியாது?

இப்போது அதே வீட்டில் புதுமனை புகுவிழாவாம். குரூப்பில் படம் வந்துவிட்டது, கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நான் ஒன்றும் போடவில்லை. முதலில் மாமா வீட்டுக்குப் போய்த் தட்டு வைக்கட்டும். அதற்கு அப்புறம் என்னைக் கூப்பிடட்டும், வருகிறேன்.