ஷூ டப்பாவைத் தூக்கிப் பிடிச்ச அந்தப் போட்டோ

எங்க பக்கத்து ஃபுட்பால் பிள்ளைங்களுக்கு ஒரு கம்பெனி ஷூ கொடுத்தப்போ எடுத்தது, எல்லாரும் பார்த்துட்டீங்க. நாற்பது பிள்ளைங்க, நாற்பது ஷூ டப்பா, பின்னால ஃபிளெக்ஸ், நடுவுல கோட்டு போட்ட நாலு பேர். அதுல குறை சொன்னதுக்கு, "நல்லது பண்ணா அதுலயும் நொட்டையா?"ன்னு நேத்துல இருந்து எனக்கு வசவு. நொட்டை என்னன்னு சொல்லிடுறேன், அப்புறம் திட்டுங்க.

டப்பாவுக்குள்ள இருந்தது புல்தரைக்கான நீள ஸ்டட் ஷூ, அதாவது மண்ணுல இறங்கிப் பிடிக்க அடியில நீளமா முனை வச்சது. வடசென்னையில, எங்க வியாசர்பாடிப் பக்கம் புல்தரை எங்கய்யா இருக்கு? ஒண்ணு கட்டாந்தரை, இல்லன்னா மாநகராட்சி போட்ட செயற்கைப் புல். கட்டாந்தரையில ஸ்டட் இறங்காது, மொத்த எடையும் அந்தச் சில முனையில உட்காரும், பிள்ளைக்குக் குதிகால் வலிக்கும். செயற்கைப் புல்லுல ஸ்டட் மாட்டிக்கும். பாதம் நிக்கும், உடம்பு திரும்பும், முட்டி போகும். ரெண்டு இடத்துக்கும் சரிப்படுறது அடியில சின்னச் சின்ன ரப்பர் குமிழ் வச்ச டர்ஃப் ஷூ. கேட்டிருந்தா சொல்லியிருப்போம். கேக்கல.

அடுத்து சைஸ். பன்னிரண்டு வயசுப் பிள்ளைங்களுக்கு எட்டும் ஒன்பதும்! அளவெடுக்க அரை மணி நேரம் ஆகுமா? சாயங்காலமா எடுக்கணும், காலையில இருக்கிறதைவிட பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். ஆடுற சாக்ஸைப் போட்டு வெள்ளைத்தாள்ல நிக்க வச்சு, பென்சிலைச் சாய்க்காம ரெண்டு காலையும் வரையணும். குதிகால்ல இருந்து நீளமான விரல் வரைக்கும் அளந்து, எந்தக் கால் பெருசோ அதுக்கு வாங்கணும். "வளர்ற பிள்ளை, பெருசா இருக்கட்டும்"கிறது யூனிஃபார்முக்குச் சரி. ஒரு சின்னப் பொண்ணு ரெண்டு சாக்ஸ் போட்டு, முனையில பேப்பரைக் கசக்கித் திணிச்சுக்கிட்டு ஆட வந்துச்சு. ஓங்கி உதைச்சா பந்து அங்கேயே இருக்கு, ஷூ பறந்து கோல் போஸ்ட்டுக்குப் போகுது. எல்லாரும் சிரிச்சாங்க, அதுவும் சிரிச்சுச்சு. மறுநாள் வெறுங்காலோட வந்துச்சு. அது போட்டோவுல வராது.

திரும்பத் திரும்ப ஒண்ணையேதான் சொல்றேன்: பிள்ளையை விளையாட்டை விட்டுத் துரத்துறது ஷூ இல்லாதது இல்ல, மாசாமாசம் ஆகுற செலவு. பஸ் காசு, பிராக்டிஸ் முடிஞ்சதும் ஒரு முட்டை, டோர்னமெண்ட் எண்ட்ரி ஃபீஸ், கோச்சுக்குச் சம்பளம். 2024 அக்டோபர் ஞாபகம் இருக்கா? செயற்கைப் புல் மைதானத்துல ஆட ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய்னு சென்னை மாநகராட்சியில தீர்மானம் போட்டாங்களே. தினம் ஒரு மணி நேரம், மாசம் 25 நாள்னு வச்சாலே 3000 ரூபாய். எதிர்ப்பு கிளம்பினதும் வாபஸ் வாங்கினாங்க, சந்தோஷம். அன்னைக்கு இந்தக் கோட்டுக்காரங்க எங்க இருந்தாங்கன்னு கேட்டா நான் நன்றி கெட்டவனா?

"கம்பெனிக்குச் சட்டப்படி கணக்குக் காட்டணும், பொருள் வாங்கினாத்தான் பில் வரும்"னு ஒரு அண்ணன் எழுதியிருக்கார். கம்பெனிங்க சமூகத்துக்குன்னு ஒதுக்குற பணத்தை எதுக்குச் செலவு பண்ணலாம்னு சொல்றது 2013 கம்பெனிச் சட்டத்தோட ஏழாவது அட்டவணை, எடுத்துப் படிங்கண்ணே. விளையாட்டை வளர்க்கப் 'பயிற்சி'ன்னுதான் இருக்கு. ஷூ டப்பான்னு இல்ல. கோச் சம்பளத்துக்கும் ரசீது தர முடியும், முட்டைக்கும் தர முடியும். முட்டையைத் தூக்கிப் பிடிச்சுப் போட்டோ எடுத்தா நல்லா இருக்காது, அவ்வளவுதான்.

"பணமா கொடுத்தா நடத்துறவங்க சாப்பிட்டுடுவாங்க"ன்னு சொன்னவருக்குப் பதில் கிடையாது. இதே வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துல இருபது வருஷத்துக்கு மேல காசு வாங்காம ஃபுட்பால் கத்துக் கொடுக்கிறாங்க. ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பார்த்துட்டு வந்து பேசட்டும்.

பொருள்தான் கொடுப்பேன்னா, பந்து கொடுங்க. எட்டுல இருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் நாலாம் நம்பர், அதுக்கு மேல அஞ்சு. ரெண்டு பிள்ளைக்கு ஒரு பந்து. கட்டாந்தரைன்னா தையல் போட்டது வேண்டாம், நூல் தேய்ஞ்சு பிரிஞ்சுடும். ரப்பர் பந்துதான் தாங்கும். கூட நாலு ஊசி. தண்ணியில நனைக்காம ஊசியைச் சொருகினா வால்வு கிழிஞ்சு, புதுப் பந்து அன்னைக்கே போச்சு.

பொண்ணுங்க விஷயத்தைச் சொன்னா இன்னும் கோவம்தான் வரும். அந்த நாற்பதுல பதினாலு பேர் பொண்ணுங்க. வயசுக்கு வந்த பிறகு அவங்க நின்னு போறது ஷூவாலயா? மைதானத்துல பூட்டாத கழிப்பறை கிடையாது. ஸ்போர்ட்ஸ் பிரா வாங்க வீட்டுல கேக்கக் கூச்சம். ஆறரைக்கு மேல இருட்டு, கூட்டிட்டுப் போக ஆள் இல்ல. வாட்ச்மேன் கையில இருக்கிற கழிப்பறைச் சாவியை வாங்கித் தர எந்த ஃபிளெக்ஸும் தேவையில்ல, ஒரு போன் போதும். மூணு மாசமா எங்களுக்குக் கிடைக்கல. அந்த நாலு பேருல ஒருத்தர் பேசினா ஒரே நாள்ல கிடைக்கும்.

டப்பாவுல 23 ஜோடி அலமாரியில அப்படியே கிடக்கு. எல்லாம் எட்டு, ஒன்பது சைஸ். புல்தரையில ஆடுற பெரிய பசங்க இருந்தா இன்பாக்ஸ் வாங்க, ஒரு வாரத்துல எடுத்துக்கோங்க. போட்டோ எடுக்க மாட்டோம்.