ஜெய்சங்கர் தலையை எதற்கு வெட்டினீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவுக்காக 'வல்லவன் ஒருவன்' படத்தை டிவியில் போட்டேன். 'முழுப்படம்', 'தெளிவான பிரதி' என்று கொட்டை எழுத்தில் போட்டு இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். நம்பித்தான் போட்டேன். பத்து நிமிஷம் ஆகவில்லை, அப்பா கேட்டுவிட்டார்: "ஏன்டா, ஆளுக்குத் தலையவே காணோம்?"

நிஜமாகவே காணோம். சண்டை நடக்கிறது. அடி வாங்குகிறவன் முகம் தெரிகிறது. அடிக்கிற ஜெய்சங்கருக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை!

இது 1966இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அந்தக் காலத்துப் படச்சட்டம் ஏறக்குறைய சதுரமாக இருக்கும், இன்றைய டிவி அகலம். அப்படியே விட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். விழட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? அந்தப் பட்டை தெரியக் கூடாது என்று படத்தை இழுத்துப் பெரிசாக்கி, மேலும் கீழுமாகச் சேர்த்துக் கால்வாசிக்குக் கிட்ட வெட்டி எறிந்திருக்கிறார்கள். கேமராக்காரர் அளந்து வைத்த சட்டத்தில் கை வைக்க இவர்கள் யார்? போதாக்குறைக்கு மூலையில் ஒரு முத்திரை, நடுவில் ஒரு போன் நம்பர்.

பாட்டுக்கு வருகிறேன். 'பளிங்கினால் ஒரு மாளிகை' தெரியாத தமிழன் உண்டா? வேதா இசையில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடியது. சேலத்தில் எந்தக் கல்யாணக் கச்சேரிக்குப் போனாலும் அதை ஒரு தடவை பாடாமல் விட மாட்டார்கள். அந்தப் பாட்டு இந்தப் படத்தில்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த 'முழுப்படத்தில்' அது இல்லை! படத்தின் உரிமை ஒருவரிடம், பாட்டின் உரிமை இன்னொருவரிடம் இருந்தால் வம்பே வேண்டாம் என்று பாட்டைக் கத்தரித்துவிட்டு ஏற்றுகிறார்கள். அப்புறம் அதற்கு எதற்கய்யா முழுப்படம் என்று பெயர்?

இந்தப் படத்தை எடுத்தது எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ. சேலத்துக்காரன் என்பதால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அதன் முன்னால் நின்று படம் பிடிப்பவர்களைப் பார்க்கிறேன். ஸ்டுடியோவை ஆரம்பித்த டி.ஆர்.சுந்தரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 1956இல் வந்த முதல் தமிழ் வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்துவிடும். வரட்டும், பெருமைதான். ஆனால் 1963இல் அவர் காலமான பிறகு மகன் ஆர்.சுந்தரம் நிறுவனத்தை நடத்தி, தானே இயக்கவும் செய்து, துப்பறியும் படங்களாக எடுத்தாரே, அதை யார் பேசுகிறார்கள்? வண்ணம் கிடையாது. எம்.ஜி.ஆர்., சிவாஜி கிடையாது. முந்தின வருஷம்தான் 'இரவும் பகலும்' படத்தில் அறிமுகமான ஜெய்சங்கரை வைத்து, ஜேம்ஸ்பாண்ட் படம் மாதிரி ஒன்றைச் சிக்கனமாக எடுத்து முடித்திருக்கிறார்கள். பணம் இல்லாத இடத்தில் நிழலும் வெளிச்சமும் வேலை செய்திருக்கின்றன. ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று ஜனங்கள் கூப்பிட ஆரம்பித்தது இந்த மாதிரிப் படங்களால்தான்.

எங்கள் அக்கா பையன் கல்லூரியில் படிக்கிறான். கூட உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மொக்கைப் படம் மாமா" என்று எழுந்து போய்விட்டான். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. தலை இல்லாத கதாநாயகனையும், பாட்டைக் கத்தரித்த படத்தையும், இரண்டு காட்சிக்கு ஒரு விளம்பரத்தையும் காட்டினால் வேறு என்ன சொல்வான்? அவன் பார்த்தது ஆர்.சுந்தரம் எடுத்த படமே இல்லையே!

அப்பா அம்மாபேட்டையில் தறி ஓட்டியவர். சின்ன வயதில் இந்தப் படத்தைத் தரை டிக்கெட்டில் மூன்று தடவை பார்த்தவர். பாட்டு வர வேண்டிய இடத்தில் படம் ஒரு குதி குதித்து அடுத்த காட்சிக்குப் போனதும், ரிமோட்டை வாங்கி அணைத்துவிட்டார். "இங்கதாண்டா அந்த டான்ஸ் வரும்" என்று சொல்லி, நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட்டு, பல்லவியை அவரே பாடினார்.

உரிமை வைத்திருக்கிறவர்களே, காசு கேளுங்கள், கொடுக்கிறேன். வெட்டாத படத்தைப் போடுங்கள். அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது.