குரங்குக்கு சிப்ஸ் போட்ட புண்ணியவான்களுக்கு

நம்ம அபார்ட்மென்ட் பி பிளாக் சார் வால்பாறை டூரில் ரோட்டில் நின்ற குரங்குக்கு சிப்ஸ் போட்டு எடுத்த அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வேன் ஜன்னல், மசாலா சிப்ஸ், பின்னணியில் உருக வைக்கிற ஒரு தாலாட்டு. கீழே நான் எழுதிய கமெண்ட்டுக்குக் கிடைத்த அர்ச்சனையையும் பார்த்திருப்பீர்கள்.

"சார், அது சிங்கவால் குரங்கு. அதுக்குத் தின்ன எதுவும் போடாதீங்க, வீடியோவை எடுத்துடுங்க." இவ்வளவுதான் எழுதினேன். 'சார்' என்று மரியாதையாகத்தான். "சீன் போடாதீங்க மேடம்", "உங்க வீட்டுக் குரங்கா?" என்றெல்லாம் வந்தது. நேற்று ராத்திரி அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள். தண்ணி லாரி எப்போ வரும் என்று இனி வாட்ச்மேனிடம்தான் கேட்க வேண்டும். பரவாயில்லை.

அந்த வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ரோட்டின் வெள்ளைக்கோட்டு மேலேயே உட்கார்ந்திருக்கிறது தாய். குட்டி வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது. பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்து, கைப்பிடி கைப்பிடியாகக் கன்னத்துப் பைக்குள் அடைக்கிறது. கடைசியில் பஸ் ஹாரன் சத்தம், அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் என்ன ஆனது என்று கமெண்ட்டில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் ஹார்ட்டின் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

சோலைமந்தி என்றும் சொல்கிற இந்தக் குரங்கு உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, அவ்வளவுதான். வளர்ந்தவை சுமார் 2500 தான் மிச்சம் என்பது கணக்கு. நம்ம அபார்ட்மென்ட்டில் மனுஷர்கள் அதைவிட அதிகம் இருப்போம் போல. காட்டில் ஒரு பெண் குரங்கு முதல் குட்டி போடவே ஆறேழு வயதாகிவிடும். அடுத்த குட்டிக்குக் கிட்டத்தட்ட மூன்று வருஷம். ரோட்டில் ஒன்று அடிபட்டால் அந்த இடம் சீக்கிரத்தில் நிரம்பாது. அதனால்தான் சொல்கிறேன், போடாதீர்கள்.

"பாவம், பசிக்குது, அதான் போட்டோம்" என்கிறார்கள். இதற்குத்தான் எனக்கு ரொம்பக் கோபம் வருகிறது. நல்ல காட்டில் இருக்கிற சோலைமந்தி தரைக்கு வருவதே அபூர்வம். வெடிப்பலா என்று ஒரு மரம் இருக்கிறது. கிளைகளில் முள்முள்ளாகக் காய்க்கும். அந்த முள்ளைப் பிய்த்து உள்ளே இருக்கிற கொட்டையைத் தின்கிற பிராணி இது. பூவையும் விடாது. பூச்சி, பழம் என்று நாள் பூராவும் மர உச்சியிலேயே மேயும். அந்தக் காட்டை வெட்டித் தேயிலை போட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வால்பாறை பக்கத்தில் புதுத்தோட்டம் என்கிற எஸ்டேட்டில் மிஞ்சியிருப்பது நூறு ஹெக்டேர்கூட வராத ஒரு துண்டு. சுற்றிலும் தேயிலை, ஓரத்தில் மெயின் ரோடு. ஏற்கெனவே தரைக்கு இறங்கிப் பழகிவிட்ட கூட்டத்தை ரோட்டுக்கே வரவழைக்கிறது சாரின் சிப்ஸ். அடுத்த வண்டியைப் பார்த்ததும் ஓடிவரும். அடுத்த வண்டி நிற்குமா? ஆகவே, தயவுசெய்து போடாதீர்கள்.

அங்கே மரத்துக்கு மரம் பழைய தீயணைப்பு ஹோஸ்களைக் கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள், ரோட்டில் இறங்காமல் மேலேயே தாண்டிப் போகட்டும் என்று. குரங்குகள் அதை அழகாகப் பயன்படுத்துகின்றன. போன மழைக்காலத்தில் போயிருந்தபோது அங்கே ரோட்டோரம் நிற்கிற ஒரு அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன். வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வதுதான் அவர் வேலை. நாள் பூராவும் மழைக்கோட்டில், கால் முழுக்க அட்டைக்கடியோடு நிற்கிறார். "மெதுவா போங்கன்னா முறைக்கிறாங்கக்கா. மெட்ராஸ் வண்டின்னா இறங்கி சண்டைக்கே வர்றாங்க" என்றார். நான் எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்புறம் ஆஞ்சநேயர். "தெய்வ அம்சம், போட்டா புண்ணியம்" என்று எழுதிய மாமிக்கு ஒரு வார்த்தை. நங்கநல்லூர் நமக்குப் பக்கம்தானே? அங்கே தாராளமாக வடைமாலை சாத்துங்கள். நானும் வரிசையில் நிற்கிறேன், பிரசாதமும் வாங்கிக்கொள்கிறேன். கொண்டைஊசி வளைவேறிப் போய் பாமாயில் சிப்ஸில்தான் புண்ணியம் தேட வேண்டுமா?

"வண்டலூரில்தான் வைத்து வளர்க்கிறார்களே, அழியாது" என்று ஒருத்தர். வளர்க்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் கூண்டில் பிறந்ததைக் காட்டில் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? விடுவதற்குக் காடு எங்கே?

"ஊரில் ஆயிரம் பிரச்சினை, இது ஒன்றுதானா?" என்பவருக்குப் பதில் கிடையாது. அவர் எந்தப் பிரச்சினைக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

உண்மையில் எனக்கு வலிப்பது வேறு. வால்பாறையில் லைன் வீட்டில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறவர்கள் இந்தக் குரங்குகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறார்கள். கூரையைப் பிரித்து இறங்கி அரிசி டப்பாவையும் முட்டையையும் தூக்கிப் போய்விடும். காலையில் கொழுந்து பறிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால் அடுப்படி அலங்கோலம். ஆனாலும் பெரும்பாலானவர்கள் கல்லெடுப்பதில்லை, திட்டிக்கொண்டே பெருக்குகிறார்கள். மனுஷன் தின்பதைக் குரங்குக்குப் பழக்கிவிட்டு நாம் திங்கட்கிழமை ஆபீஸ் வந்துவிடுகிறோம். கூரை அவர்களுடையது. இதே ஒரு நாட்டுக்குரங்கு நம் பால்கனியில் வந்து ஒரு துணியை இழுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? நடந்ததே! அசோசியேஷன் அவசரக் கூட்டம் போட்டு வலை கட்டினோம். தலைக்கு இவ்வளவு என்று பிரித்தபோது முதல் ஆளாகப் பணம் கொடுத்தது யார்? பி பிளாக் சார்தான். இங்கே வலை, அங்கே சிப்ஸ்.

"இதையே கொஞ்சம் அன்பாச் சொல்லியிருக்கலாமே" என்று நெருங்கிய தோழி ஒருத்தி போன் செய்தாள். அன்பாகத்தான் சொன்னேன். அதற்குத்தானே குரூப்பை விட்டுத் தூக்கினீர்கள்? பதினோரு வருஷமாகக் கோலப் போட்டிக்கும் பொங்கல் பானைக்கும் ஓடியாடிச் செய்த ஆளுக்கு ஒரு போன் கிடையாது, "மேடம் லெஃப்ட்" என்று ஒருத்தர் சிரிப்பு இமோஜி போட்டாராம். இருக்கட்டும்.

அடுத்த மாதம் இரண்டாவது வேன் கிளம்புகிறது என்று வாட்ச்மேன் சொன்னார். போய் வாருங்கள், அருமையான இடம். புதுத்தோட்டம் வரும்போது மட்டும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாக்கெட்டைப் பைக்குள் வையுங்கள். குரங்கு இருந்தால் உள்ளேயிருந்தே பாருங்கள். என்னைத் திட்டுவதென்றால் ஆழியாறு தாண்டியதும் ஆரம்பியுங்கள், நாற்பது வளைவு இருக்கிறது, நேரம் தாராளம்.