டேரன் ஸ்டீவன்ஸை அப்படிப் பேசாதீர்கள்

"நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போடுகிறவன் எல்லாம் ஒரு பௌலரா? இங்கிலாந்துக்கு ஒரு மேட்ச்கூட ஆடாதவனைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டார் நண்பர். இங்கிலாந்தின் உள்நாட்டு கவுண்டி (மாவட்ட அணிகள்) கிரிக்கெட்டில் ஆடிய டேரன் ஸ்டீவன்ஸைத்தான் சொன்னார். அப்போது பதில் சொல்ல வார்த்தை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1976இல் லெஸ்டரில் பிறந்தவர். 1997இல் லெஸ்டர்ஷயர் கவுண்டி அணிக்கு ஆடத் தொடங்கி, 2005இல் கெண்ட் அணிக்கு வந்தார். கெண்ட்டின் சொந்த மைதானமான கேண்டர்பரியில் எல்லைக் கோட்டுக்கு உள்ளேயே நின்ற பழைய லைம் (லிண்டன்) மரம் புயல் காற்றில் முறிந்ததும் அந்த வருடம்தான். புதுக் கன்று ஒன்று நட்டார்கள். அது வளர வளர இவர் அங்கே ஆடிக்கொண்டே இருந்தார், 2022 வரைக்கும்.

கெண்ட்டுக்கு வந்தபோது அவர் பேட்ஸ்மேன். பந்து வீசுவது எப்போதாவது ஓவர் தேவைப்பட்டால். மற்றவர்கள் மூட்டு வலியென்று ஓய்வு அறிவிக்கும் முப்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் இவர் முழுநேர பௌலர் ஆனார். முதல்தர கிரிக்கெட்டில் 590 விக்கெட்டுக்கு மேல், 16,000 ரன்னுக்கு மேல். அந்த விக்கெட்டுகளில் பெரும்பகுதி 35 வயதுக்குப் பின் எடுத்தவை. இதை நண்பர் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

வேகம் இல்லையே என்கிறார்கள். இல்லைதான். ஆனால் ஏப்ரல், மே மாதத்து இங்கிலாந்தில் ஆடுகளம் ஈரமாக இருக்கும், அங்கே பயன்படுத்தும் டியூக்ஸ் பந்தின் கையால் தைத்த சீம் (தையல் மேடு) எடுப்பாக நிற்கும். அந்தப் பந்தை ஸ்டம்புக்கு நேராக, பேட்ஸ்மேன் முன்னால் வருவதா பின்னால் போவதா என்று தடுமாறும் அந்த ஓரடி இடத்தில், ஓவர் ஓவராகப் போட வேண்டும். ஒன்று உள்ளே வரும், அடுத்தது நேராகப் போகும், கை அசைவு மட்டும் ஒன்றேதான். பேட்ஸ்மேனால் எதையும் விட முடியாது, விட்டால் ஸ்டம்புக்கு நேரே காலில் பட்டு எல்பிடபிள்யூ அவுட். இது சுலபம் என்றால் கவுண்டிக்குப் பத்துப் பேர் இப்படி இருந்திருக்க வேண்டுமே!

2016இல் கவுண்டி போட்டிகளில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். வெளியூர் அணி விரும்பினால் டாஸ் இல்லாமலே முதலில் பந்து வீசலாம். பச்சைப் புல் ஆடுகளம் போட்டு மிதவேகக்காரர்களை வைத்து ஜெயிப்பதைக் குறைக்கத்தான் அது. நோக்கத்தைக் குறை சொல்லவில்லை, சுழல் பந்தும் வளர வேண்டும்தான். ஆனால் அந்தப் பேச்சில் இவரைப் போன்றவர்களின் தொழிலையே ஏதோ ஏமாற்று வேலைபோலப் பேசினார்களே, அது எனக்குத் தாங்கவில்லை. அந்த விதி இருந்த நான்கு சீசனிலும் ஸ்டீவன்ஸ் விக்கெட் எடுத்துக்கொண்டேதான் இருந்தார்.

2019இல், சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வயது 43. செப்டம்பரில் ஹெடிங்லியில் யார்க்ஷயருக்கு எதிராக கெண்ட் 39 ரன்னுக்கு 5 விக்கெட். சாம் பில்லிங்ஸுடன் சேர்ந்து 346 ரன் கூட்டணி, இவர் மட்டும் 237. அதோடு நிற்காமல் கடைசி இன்னிங்ஸில் 20 ரன் கொடுத்து 5 விக்கெட். கெண்ட் 433 ரன்னில் வென்றது. புது ஒப்பந்தமும் வந்தது.

2021 மே மாதத்து ஆட்டத்தை நேரலையில் போனில் பார்த்தேன். கேண்டர்பரி, எதிரணி கிளமார்கன். கெண்ட்டுக்கு 128 ரன்னுக்கு 8 விக்கெட் போய்விட்டது, ஸ்டீவன்ஸுக்குத் துணையாக மிகேல் கம்மின்ஸ் இறங்கினார். ஒன்பதாவது விக்கெட்டுக்கு 166 ரன். அதில் ஸ்டீவன்ஸ் 160, கம்மின்ஸ் 1, மீதி உதிரி. நான் தப்பாக எழுதவில்லை, ஒன்றேதான்! கம்மின்ஸ் மறுமுனையில் குனிந்து குனிந்து தடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் முன்காலை ஒதுக்கி, பின்னங்காலில் எடை வைத்து, மணிக்கட்டை அதிகம் திருப்பாமல் நேராகத் தூக்கி அடித்தார் அந்த 45 வயதுக்காரர். 149 பந்தில் 190, அதில் 15 சிக்ஸர். பிறகு பந்தை வாங்கி, டெஸ்ட் உலகமே அசைக்க முடியாமல் திணறிய, அப்போது கிளமார்கனுக்கு ஆடிய ஆஸ்திரேலியர் மார்னஸ் லபுஷேனை 11 ரன்னில் எல்பிடபிள்யூ ஆக்கினார். போனைக் கீழே வைக்க மனமே வரவில்லை.

அதற்கு முந்தைய மாதம்தான் விஸ்டன் என்ற புகழ்பெற்ற கிரிக்கெட் ஆண்டு மலர் அவரை ஆண்டின் ஐந்து சிறந்த வீரர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்திருந்தது. 2020இல் ஐந்தே ஆட்டத்தில் 29 விக்கெட் எடுத்ததற்கான மரியாதை அது.

இங்கிலாந்துக்கு எடுத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. காய்ந்த ஆடுகளத்தில், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பயன்படுத்தும், சீம் சீக்கிரம் தணியும் கூக்கபுரா பந்தில் அவர் பாச்சா பலித்திருக்காது என்று தேர்வாளர்கள் நினைத்திருந்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் நாட்டுத் தொப்பி இல்லை என்பதற்காக இருபத்தைந்து வருட உழைப்பை ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள்.

2022இல் மறுபடியும் ஒப்பந்தம் இல்லை என்றார்கள். இந்த முறை முடிவு மாறவில்லை. வயது 46. ஒருநாள் கோப்பை அரையிறுதியில் ஹாம்ப்ஷயருக்கு எதிராக 84 ரன் எடுத்து, அவுட் ஆகாமல் நின்று, கெண்ட்டை ஜெயிக்கவைத்தார். ட்ரென்ட் பிரிட்ஜில் நடந்த இறுதிப் போட்டியில் லாங்கஷயரைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கிய பதினொரு பேரில் அவரும் ஒருவர்.