மடிப்புக்குள் ஒரு தேசம்

எங்கள் வகுப்புச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். அதன் மடிப்பு சரியாக மொரிஷியஸ் மேலேதான் விழுந்திருக்கிறது.

"மிஸ், நம்ம நாடு எங்கே?" வருஷா வருஷம் ஏதாவது ஒரு வாண்டு கேட்கும். மடகாஸ்கரைத் தொட்டு, கிழக்கே விரலை இழுத்து, தேய்ந்து வெளுத்த மடிப்பில் பேனாவால் புள்ளி வைப்பேன். இரண்டு வாரத்தில் அழிந்துவிடும். சுமார் 1,865 சதுர கிலோமீட்டர், 12 லட்சம் ஜனம், அத்தனையும் மடிப்புக்குள்ளே! சரி, நாங்களாவது மடிப்பில் இருக்கிறோம். இன்னும் 560 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்கள் நாட்டின் குட்டித் தீவு ரோட்ரிக்ஸை எங்கே போய்த் தேடுவது? அங்கே பாட்டி வீடு இருக்கும் பையன் என்னை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

அப்புறம் இந்தப் பருவகாலப் படங்கள். டிசம்பர் என்றால் பனிபொம்மையாம். வெளியே லிச்சி விற்கிற வெயில்! மலை வரையச் சொன்னால், ஜன்னலுக்கு வெளியே 812 மீட்டரில் கட்டைவிரல் மாதிரி நிற்கும் லெ பூஸை விட்டுவிட்டு, உச்சியில் பனி வைத்து ஆல்ப்ஸை வரைகிறார்கள். பெற்றோர் வேறு: "பூகோளம்தானே டீச்சர், மனப்பாடம் பண்ணினால் போதாதா?"

நேற்று யாரோ அக்கறையாக மடிப்பின் மேல் செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள். இப்போது பேனாவும் எழுத மாட்டேன் என்கிறது.