கார்பன் கிரெடிட்டில் காசு எங்கே இருக்கிறது?

"கார்பன் கிரெடிட்ல இறங்கலாமா சார்?" என்று கோவை, திருப்பூர்ப் பக்கமிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்றுதான் கார்பன் கிரெடிட். தாராளமாக இறங்கலாம். ஆனால் கிரெடிட்டை விற்றே போட்ட முதலை எடுத்துவிடலாம் என்ற கணக்கில் மட்டும் இறங்காதீர்கள்.

நமக்கு இது புதுச் சரக்கு அல்ல. கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ், வளரும் நாடுகளில் உமிழ்வைக் குறைப்பவர்களுக்குக் கிரெடிட் தரும் சிடிஎம் என்ற திட்டம் வந்தது. அதில், காற்றாலை வைத்திருந்த நூற்பாலைக்காரர்கள் பலர் சேர்ந்தார்கள். தனி மில்லாகப் போனால் பதிவுச் செலவும் ஆலோசகர் கட்டணமும் கட்டுப்படியாகாது. அதனால் தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் பல மில்களின் காற்றாலைகளை ஒரே திட்டமாகச் சேர்த்துக் கொண்டுபோனது. அருமையான யோசனை. ஆனால் 2008இல் டன்னுக்கு 20 யூரோ வரை போன கிரெடிட், 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. சந்தையில் சரக்கு குவிந்துவிட்டது. முக்கியமாக வாங்கிய ஐரோப்பாவில் தொழில் மந்தம். போதாததற்கு 2013 முதல் புதுத் திட்டங்கள் என்றால் மிகவும் பின்தங்கிய நாடுகளுடையதை மட்டுமே ஏற்போம் என்றது ஐரோப்பிய ஒன்றியம்.

விலை நம் கையில் இல்லை, சரி. நம் கையில் இருந்ததையும் விட்டதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மின்சார மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் காலிபரேஷனைச் செய்ய வேண்டிய தேதி தாண்டிப் போயிருந்தால், சரிபார்க்க வருபவர் அந்த இடைவெளிக்கான யூனிட்டில் மீட்டரின் பிழை அளவைக் கழித்துவிடுவார். காற்று அடித்தது, காற்றாலை ஓடியது, மின்சாரம் கிரிட்டுக்குப் போனது. ஒரு சான்றிதழ் இல்லாததால் கிரெடிட் குறைந்தது.

இப்போது இந்தியாவே சொந்தமாகச் சந்தை அமைக்கிறது. 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தில் திருத்தம், 2023இல் திட்ட அறிவிப்பு. மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு உமிழ்வு என்று ஆலைக்கு ஆலை இலக்கு. அதற்குக் கீழே வந்தால் விற்கக்கூடிய கார்பன் சான்றிதழ் கிடைக்கும், மேலே போனால் அந்த அளவுக்குச் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கட்ட வேண்டும். சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் தயாரிக்கும்) ஆலைகளுக்கு 2025 அக்டோபரிலேயே இலக்கு வந்துவிட்டது.

இன்னொரு பக்கம், இரும்பு, அலுமினியம், சிமென்ட் போன்ற இறக்குமதிச் சரக்கைத் தயாரித்தபோது வந்த உமிழ்வுக்கு ஐரோப்பா போடும் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இரும்பு என்றதும் பெரிய உருக்காலை சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். போல்ட், நட், ஸ்க்ரூ வரை அதில் அடக்கம். பட்டறை வைத்து ஏற்றுமதி செய்பவரிடமும் "உங்கள் சரக்கில் டன்னுக்கு எவ்வளவு கார்பன்?" என்று வாங்குபவர் கேட்பார்.

அந்தக் கணக்கைப் போட்டுத் தரும் வேலையில்தான் தொழில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மெஷின்வாரியாகச் சப்-மீட்டர் போடுவது, கம்ப்ரசர் காற்று எங்கே கசிகிறது என்று பிடிப்பது, பாய்லர் எரிபொருள் பில்லை உற்பத்தியோடு பொருத்தி மாதாமாதம் பதிவு வைப்பது, சரிபார்ப்பு நிறுவனங்களுக்கு ஆள் தருவது. கிரெடிட் விலை ஏறினாலும் இறங்கினாலும் இதற்குக் கூலி உண்டு. கசிவை அடைத்தால் கரண்ட் பில் அந்த மாதமே குறையும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இந்த வேலையில் சேர்ந்து, தேவையான அனுபவம் வந்ததும் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வை எழுதிவிடுங்கள், மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ நடத்துகிறது.

தொழில் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறு பட்டறை ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆலோசகருக்கு அழ முடியாது. அன்று காற்றாலைகளைச் சேர்த்ததுபோல், இருபது முப்பது பட்டறைக்குப் பொதுவாக ஒரு கணக்காளரையும் ஒரு தணிக்கையாளரையும் வையுங்கள். வாங்குபவரிடமிருந்து கேள்வி வருவதற்கு முன்னால், இந்த ஆண்டு மின் பில்லிலிருந்தே தொடங்கலாம்.