அந்த மனிதர் கேட்டது ஒரு தேநீர்த் துணையை மட்டும்தான்

இரண்டு நாட்களாக எல்லோருடைய பக்கங்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் மதிக்கும் நண்பர்களே சிரிப்புக் குறிகளோடு அதைப் பகிர்ந்திருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. 47 வயதான ஒருவர் தம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், இங்கே குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் மனம்விட்டுப் பேச யாரும் அமையவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீர் குடிக்க யாராவது சேர்ந்து வந்தால் மகிழ்வேன் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வந்த பதில்களை நீங்கள் படித்திருப்பீர்கள். வீட்டில் சண்டையா என்று ஒருவர் கேட்கிறார். காப்பீடு விற்கிறீர்களா என்று இன்னொருவர் கேட்கிறார். குழுவைப் பராமரிப்பு விஷயங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று நிர்வாகி முடித்துவைக்கிறார்.

தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று அந்தக் குழுவில் கேட்கலாம். தன் இடத்தில் யார் காரை நிறுத்தினார்கள் என்று கேட்கலாம். ஒரு மனிதர் தனக்கு நண்பர் வேண்டும் என்று மட்டும் கேட்கக் கூடாதா? நட்பு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது வெட்கப்பட வேண்டிய செயலே அல்ல. இந்தப் பதிவில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019இல் என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு பேரை இரத்தம் கொடுக்க அழைத்து வாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஒருவன் நான், இன்னொருவர் வேண்டும். தாழ்வாரத்தின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியில் இருந்த அறுநூற்றுச் சொச்சம் பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். கல்லூரி நண்பர்களில் ஒருவன் மஸ்கட்டில், ஒருவன் பெங்களூரில். அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுகளாகப் பக்கத்து இருக்கையில் இருப்பவரை இதற்கு அழைக்கலாமா என்று யோசித்து யோசித்தே அரை மணி நேரம் போயிற்று. என் மனைவி, மகளின் பள்ளி வேன் நிற்கும் இடத்தில் பழக்கமான ஒரு பெண்ணுக்குப் பேசினாள். அவருடைய கணவர் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே வந்து, இரத்தம் கொடுத்து, அங்கே தந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, "இதுல என்னங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. ஆறு ஆண்டுகளாகக் காய்கறிக் கடையில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்டுக்கொள்கிறோம். ஒருமுறைகூட நான் அவரை அழைத்துப் பேசியதில்லை. அழைப்பதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

இந்தக் காரணம்தான் எங்கள் எல்லோரையும் கட்டிப்போட்டிருக்கிறது. நம் ஊரில் ஓர் ஆண் இன்னோர் ஆணை அழைத்தால் அதற்கு ஒரு விஷயம் இருந்தாக வேண்டும். பத்திரிகை வைக்க வேண்டும், கடன் கேட்க வேண்டும், வீட்டுமனை விலை விசாரிக்க வேண்டும். சும்மாதான் கூப்பிட்டேன் என்றால் எதிர்முனையில் இருப்பவருக்குக் கலக்கம் வந்துவிடுகிறது.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தேன். புதிதாக அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்கிறது அந்த ஆய்வு. கல்லூரி விடுதியில் அந்த 200 மணி நேரம் ஒரே மாதத்தில், நமக்குத் தெரியாமலேயே ஓடிவிடும். ஞாயிறுதோறும் அரை மணி நேரத் தேநீர் என்று வைத்துக்கொண்டால் 400 ஞாயிறுகள், அதாவது ஏழரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த மனிதர் 47 வயதில் தொடங்கினால் 54 தாண்டித்தான் ஒரு நெருங்கிய நண்பர் கிடைப்பார். அப்படிப்பட்ட ஒரு முயற்சியின் முதல் அரை மணி நேரத்தைத்தான் நீங்கள் சிரித்து விரட்டியிருக்கிறீர்கள்.

பெண்களுடைய தனிமையைப் பற்றி ஏன் எழுதவில்லை, தெருவும் டீக்கடையும் ஆண்களுக்குத்தானே சொந்தம் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் மனைவி தஞ்சாவூரிலிருந்து திருமணமாகிச் சென்னைக்கு வந்தபோது அவளுடைய பள்ளித் தோழிகள் அத்தனை பேரும் அறுந்துபோனார்கள்; அவர்களில் இருவரைப் பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி கண்டுபிடித்தாள். வந்த புதிதில் அவள் எவ்வளவு தனியாக இருந்திருப்பாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை, அந்தக் குற்றம் என்னுடையது. இருந்தும் அவள் வேன் நிற்கும் இடத்திலிருந்தே மீண்டும் ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டாள், அந்த உலகத்திலிருந்துதான் என் அம்மாவுக்கு இரத்தம் வந்தது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஓர் ஆண் வலிக்கிறது என்று சொன்னவுடன், உன்னைவிட அதிகம் வலிப்பவர்களின் கணக்கைத் தீர்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினால் அவன் அடுத்த முறை வாயைத் திறக்கவே மாட்டான்.

மனைவியிடம் பேச வேண்டியதுதானே என்று எழுதியவர்களுக்கும் சொல்கிறேன். மனைவி, தாய், தோழன், வைத்தியர் என்று அத்தனையாகவும் ஒரே பெண் இருக்க வேண்டும் என்பது அவளுக்கு இழைக்கும் அநீதி. டாஸ்மாக்கில் கூடுகிறார்களே என்றால், குடித்த பிறகு மட்டும் அழ முடிகிற, மறுநாள் காலையில் இருவருமே நினைவில்லாததுபோல் நடந்துகொள்கிற உறவை நான் நட்பு என்று சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் வசதியானவர்களின் கவலை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவே முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள். தொழில்வாரியாகப் பார்த்தால் தினக்கூலிகளே அதிகம். குடும்பப் பிரச்சினை, நோய் என்றெல்லாம் காரணங்கள் பதிவாகியிருக்கின்றன, எல்லாவற்றையும் தனிமையின் கணக்கில் நான் எழுதவில்லை. அந்தப் பிரச்சினையை, அந்த நோயை, முந்தின நாள் மாலையில் யாரிடமாவது சொல்ல அவர்களுக்கு ஆள் இருந்ததா என்று மட்டும் கேட்கிறேன்.

என் அப்பாவுக்கு ஆள் இருந்தது. சாத்தூரில் எங்கள் தெருமுனை சைக்கிள் கடை வாசலில் ஒரு மரபெஞ்சு கிடக்கும். தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதிவிட்டு வந்ததும் அப்பா அங்கே போய் உட்காருவார். இன்னும் மூன்று பேர் வருவார்கள். ஒரே தினத்தந்தி நான்கு பேர் கையிலும் தாள் தாளாகப் பிரிந்திருக்கும். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். யாரும் யாரையும் அழைக்கவும் வேண்டியதில்லை, பெஞ்சே போதுமான காரணமாக இருந்தது. அப்பா இறந்த விடியற்காலையில், உறவுக்காரர்கள் பேருந்து ஏறுவதற்கு முன்பே அந்த மூவரில் ஒருவர் பாடைக்கு மூங்கில் கொண்டுவந்து வாசலில் சாய்த்துவைத்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்படி மூங்கில் கொண்டுவர யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கும்போது ஒரு முகமும் தெரியவில்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து லிப்ட், லிப்டிலிருந்து வீட்டுக் கதவு என்று போகும் எங்கள் வாழ்க்கையில் அந்த பெஞ்சைப் போட இடமே இல்லை. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

உண்மையான நட்பு தானாக அமையும், பிசிராந்தையார் கேட்டா வந்தார் என்று ஒரு நண்பர் பின்னூட்டம் இட்டிருந்தார். ஐயா, கோப்பெருஞ்சோழன் கேட்டிருக்கிறான். உண்ணாமல் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தபோது, தன் நண்பரான புலவர் பிசிராந்தையாருக்கு என் பக்கத்தில் இடம் ஒதுக்கி வையுங்கள் என்று வாய்திறந்து சொன்னான். பார்த்தே இராத ஒருவர் அவ்வளவு தொலைவு வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். அவர்கள்கூடச் சிரித்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

நேற்று இரவு, இரத்தம் கொடுத்த அந்த மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீர் குடிக்கப் போகலாமா என்று ஒரு செய்தி அனுப்பினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்புவதற்குள் இருபது நிமிடங்கள் ஆகிவிட்டன. இன்று காலையில் பதில் வந்திருக்கிறது: "என்ன சார், ஏதாவது விசேஷமா?" ஒன்றும் இல்லை, சும்மாதான் என்று தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.